பின்னால் ஒட்டிய தும்பிக்கை

“இந்த ஆன்டிக்கு ஏன் தமிழ் தெரியா?”

நான்கு வயது ஷிஹாரா கேட்டாள். ஆஸ்பத்திரிச் சிறுவர் வாட்டில் வியாழக்கிழமைக் கைவேலை நேரம். அவளுடைய கட்டிலில் பாதி செய்த காகித யானை ஒன்று கிடந்தது. எதிரே பசைப் போத்தலோடு உட்கார்ந்திருந்த தொண்டர் யூஜினா பெர்னாண்டோ சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

“தெமள பே, தூவ.”

“அவவுக்குச் சிங்களம் மட்டும்தான், செல்லம்,” என்றாள் நிகழ்ச்சியை நடத்தும் நிஷாந்தினி. பிறகு பக்கத்துக் கட்டிலடியில் நின்ற நேசத்திடம் திரும்பினாள். “தமிழ்ப் பிள்ளையளுக்கு எண்டு போட்ட ரெண்டு பேரும் இண்டைக்கு வரேல்ல. ஒஃபிஸில பேரைப் பார்த்துத்தான் ஆக்களைப் பிரிக்கிறவை. பெர்னாண்டோ எண்டால் சிங்களப் பக்கம். இவவை வச்சு நான் என்ன செய்ய? ஒட்டுறதுக்காவது உதவட்டும்.”

நேசம் தலையாட்டினாள். அவளுடைய கவலை வேறு. பக்கத்துக் கட்டிலில் இருந்த அவளுடைய மகள் டிலக்ஷிக்குப் பத்து வயது. தொண்டையில் ஒப்பரேஷன் செய்து ஒரு மாதமாகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் முதன்முதலாக வாய் திறந்தபோது குரல் கரகரத்தது; வாட்டில் இருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அன்று மூடிய வாய்தான். இப்போதே பேசிப் பழகாவிட்டால் அந்தக் கரகரப்பே நிலைத்துவிடும் என்று டொக்டர் இரண்டு தடவை எச்சரித்து, பேசும்வரை அவளை வாட்டிலேயே வைத்திருந்தார்.

“எங்கட முகத்துவாரத்தில சிங்களப் பிள்ளையளோட சேர்ந்து நாள் முழுக்கக் கத்திக்கொண்டு திரிஞ்சவள், மிஸ். இப்ப அம்மா எண்டுகூடச் சொல்லுறாள் இல்ல. கும்பிட்டும் பார்த்திட்டன், ஒருக்கா அடிச்சும் பார்த்திட்டன்.” காலையில் வாட்டு வாசலில் நேசம் இதைச் சொல்லி நிஷாந்தினியிடம் அழுதபோது, யூஜினா அருகில் நின்று காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“தும்பிக்கைய ஒட்டுங்க, ஆன்டி,” என்றாள் ஷிஹாரா.

யூஜினா பசை தடவி, தும்பிக்கையை யானையின் பின்பக்கத்தில் அழுத்தி ஒட்டினார்.

“அல்லாஹ்! அங்க இல்ல! அது வால் வார இடம்!”

யூஜினா பாராட்டுக் கிடைத்தவர்போல் சிரித்தார். வாலை எடுத்து யானையின் முகத்தில் ஒட்டினார். ஷிஹாரா அழத் தொடங்கினாள்.

டிலக்ஷி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள், மறுபடியும் காட்டினாள். யூஜினா எழுந்து வந்து, கைலேஞ்சியை எடுத்து, அவளுடைய மூக்கை நன்றாகத் துடைத்துவிட்டுப் போனார். போய், யானையின் காது ஒன்றைக் கையில் எடுத்து, அதன் காலில் ஒட்டக் கொண்டுபோனார்.

“இஸ்ஸரஹட்ட!”

குரல் துருப்பிடித்த கேற் திறப்பதுபோல் வந்தது. “அன்ரி, இஸ்ஸரஹட்ட! தும்பிக்கைய இஸ்ஸரஹட்ட அலவன்ன!” முன்னால் ஒட்டச் சொல்லி இரண்டு மொழியையும் கலந்து கத்தினாள் டிலக்ஷி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்த பையன்கள் இருவரும் போன வாரமே வீட்டுக்குப் போயிருந்தார்கள். நேசம் மகளிடம் ஓடப் பார்த்தாள்; பிறகு, கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஆ, இஸ்ஸரஹட்டத?” என்றார் யூஜினா, இப்போதுதான் விளங்கியவர்போல். காது எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். கண்ணுக்கு என்ன நிறம் என்று கேட்டார். கால் மூன்று போதுமா என்றும் கேட்டார்.

“நீலக் கண் வேணும் எண்டு சொல்லுங்க, ராத்தா,” என்று ஷிஹாரா கட்டளையிட, டிலக்ஷி அதைச் சிங்களத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு ஷிஹாராவின் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தாள். “இந்த அன்ரிக்கு மண்டையில ஒண்டுமில்ல.”

“ஓ, ஒண்டுமே இல்ல,” என்றாள் ஷிஹாரா. யூஜினா கவனமாகப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த வியாழக்கிழமைகளிலும் அவர் வந்தார். வாரத்துக்கு ஒரு மதத்தின் பண்டிகைக் கைவேலை என்று நிஷாந்தினி வைத்திருந்தாள். வெசாக் விளக்குக் கூட்டைத் தலைகீழாகக் கட்டினார். பெருநாள் பிறைக்கு மீசை வரைந்தார். கிறிஸ்மஸ் பாலன் குடிலின் மாட்டுக்குக் கோழிக்கால் வைத்தார். ஒவ்வொரு தடவையும் டிலக்ஷி தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். நாளுக்கு நாள் அந்தத் திட்டு தெளிவாகக் கேட்டது.

நான்காவது வியாழன் டிலக்ஷி வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கொண்டுவர மறந்ததற்காகத் தாயை வாட்டு வாசல்வரை ஏசிக்கொண்டே போனாள். நேசம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பின்னால் நடந்தாள்.

நிஷாந்தினி அன்றே அறிக்கை எழுதினாள். “அடுத்த முறை தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்தவர்களையே அனுப்பவும். இம்முறை வந்தவரால் பெரிய பயனில்லை. கைவேலையும் வராது.” எழுதியதைப் பக்கத்தில் நின்ற தாதிக்கு உரக்க வாசித்தும் காட்டினாள். யூஜினா தன் பையை எடுத்துக்கொண்டு, இருவருக்கும் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கி, தெருமுனையிலிருந்த அந்தோனியார் சொரூபத்தடிக்குப் போனார். மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்தார். அவருடைய மகன் ரொனி ஐந்து வயதுவரை பேசாதிருந்தவன். அவன் பேசினால், வாய் திறக்காத இன்னொரு பிள்ளைக்குத் தன்னால் ஆனதைச் செய்வதாக இதே இடத்தில் நேர்ந்துகொண்டவர் அவர். ரொனி இப்போது வத்தளை பஸ்ஸில் கொண்டக்டர். வாய் மூடுவதே இல்லை. இருபது வருடமாக நேர்த்திதான் பாக்கியிருந்தது.

யூஜினா இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை. சொரூபத்தை மூடிய கண்ணாடிக்கு அருகே குனிந்து, மெல்லச் சொன்னார்.

“அந்தோனியாரே, தமிழ் தெரியாதெண்டு நாலு கிழமையாச் சொன்ன பொய்யை மன்னிச்சுக்கொள்ளும்.”