முதல் முத்திரை

முதல் பெட்டிக்குள் இருந்த தாளில் யாருடைய முத்திரையும் இல்லை. வெள்ளை வெளேரென்று கிடந்த அந்தத் தாளைப் பார்த்ததுமே இன்னாசிராஜுக்குப் பாதி ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அழிரப்பரில் தானே செதுக்கிய மீன் முத்திரையை மையில் ஒற்றி, தாளின் உச்சியில் அழுத்தினார்.

"நாமதான் ஃபர்ஸ்ட், மேரி. அமிர்தராஜ் இன்னும் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டான்."

அவர் மனைவி இருதயமேரி தலையை ஆட்டிவிட்டு, அணையின் மதகுகளுக்குக் கீழே நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

பங்கின் இளைய சாமியார் பாதர் அற்புதசாமி வெளிநாட்டில் படித்தபோது பார்த்துவிட்டு வந்த விளையாட்டு இது. முக்கொம்புப் பூங்காவில் ஆற்றோரமாகப் போகும் நடைபாதை நெடுகத் தகரப் பெட்டிகளை முந்தின நாளே ஒளித்து வைத்துவிடுவார். பெட்டிக்குள் ஒரு தாளும், மைப்பெட்டியும், அடுத்த பெட்டிக்கு வழிகாட்டும் சரித்திரப் புதிரும் இருக்கும். கணவனும் மனைவியும் ஜோடியாக வந்து தேட வேண்டும். தங்கள் முத்திரையைக் குத்திவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். எல்லாத் தாளிலும் முதலாவதாக இருக்கும் முத்திரைக்குத்தான் பரிசு.

போன வருஷம் மலைக்கோட்டைப் பக்கம் நடந்த வேட்டையில் பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் அமிர்தராஜ். அதில் என்ன அவமானம் என்றால், இன்னாசிராஜ் சரித்திர வாத்தியார். அமிர்தராஜ் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதன் பிறகு ஆசிரியர் அறையில் யாருடைய பேனா தொலைந்தாலும், தயவுசெய்து சரித்திர வாத்தியாரைத் தேடச் சொல்லாதீர்கள் என்று அமிர்தராஜ் கேட்டுக்கொள்வதும், எல்லோரும் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டன. இந்தத் தடவையும் தோற்றால் மணப்பாறைக்கோ வையம்பட்டிக்கோ மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விடுவதாக இன்னாசிராஜ் வீட்டில் அறிவித்திருந்தார்.

அதனால்தான் இன்று காலைப் பூசையில் நற்கருணை வாங்கிய கையோடு பக்கவாட்டு வாசல் வழியாக நழுவி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டார். இருதயமேரி கடைசி ஆசீர் வரைக்கும் இருந்துவிட்டு, வழியில் பூ வேறு வாங்கி வைத்துக்கொண்டு, கையில் கூடையோடு நிதானமாக வந்து சேர்ந்தாள்.

இரண்டாவது புதிர் சுலபமாக இருந்தது. சாலை போட்டு நிழலுக்கு மரமும் நட்ட ராணி யார் என்று கேட்டிருந்தார் பாதர். இன்னாசிராஜ் மங்கம்மாளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே பாதையோரத்து மரவரிசைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், ஒரு வேர்ச்சந்திலிருந்து பெட்டியை உருவினார். அந்தத் தாளும் வெறுமையாக இருந்தது. மீன் அங்கேயும் உச்சியில் ஏறியது.

திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். அவள் கொய்யாப்பழக்காரியிடம் பேரம் பேசி முடித்துவிட்டு ஆற்றுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் புத்தூருக்குக் குடிவந்த நாளிலிருந்து முக்கொம்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்னாசிராஜுக்குத் திருத்துவதற்கு விடைத்தாள் இருக்கும். இல்லையென்றால் தூக்கம் இருக்கும்.

"கொஞ்ச நேரம் தண்ணியில கால் நனைச்சுக்கிட்டு வரேங்க."

"அவன் பின்னாலயே வந்துட்டு இருப்பான், மேரி."

"வந்தா வரட்டுமே."

"உனக்கென்ன? நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல போய் உட்காரப்போறவன் நான்."

அவள் கொய்யாவைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வேறு வழியில்லாமல் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கண் மட்டும் பாதை மேலேயே இருந்தது. கெண்டைக்குஞ்சு ஒன்று பாதத்தைக் கொத்தியபோது கூச்சத்தில் துள்ளி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் புதிரைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்ரீரங்கத்தில் ராஜா பாதியில் விட்டது கோபுரம், இங்கே காண்ட்ராக்டர் பாதியில் விட்டது என்ன என்று இருந்தது. பாதையின் கோடியில் கூரையில்லாமல் நான்கு தூண் மட்டும் நிற்கும் மண்டபத்தில் மூன்றாவது பெட்டி கிடைத்தது. தாளில் ஒரு மைப்புள்ளிகூட இல்லை. அவர் குத்திய குத்தில் மீனின் வால் இழுபட்டுப் பட்டையாகிவிட்டது.

பாதர் பரிசோடு அந்த மண்டபத்தில்தான் காத்திருப்பதாக ஏற்பாடு. அவரைக் காணவில்லை. தாம் அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டோம் என்று இன்னாசிராஜ் பெருமையோடு தலையை வாரிக்கொண்டார். அமிர்தராஜ் மூச்சிரைக்க வந்து நின்றதும் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

பிறகு போர்வையை விரித்து, கூடையிலிருந்து எலுமிச்சம்பழ சாதத்தையும் முறுக்கையும் எடுத்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் மொட்டைக் கோபுரத்தின் கதையைச் சொல்ல, அவள் முகவாயைக் கையில் தாங்கிக் கேட்டாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாதையில் ஆள் அரவமே இல்லை.

"என்ன மேரி, இந்த அமிர்தராஜை இன்னும் காணோமே?"

"வருவாருங்க." அவள் முறுக்கை உடைத்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவாரு."

இன்னாசிராஜ் மெல்வதை நிறுத்தினார். நேற்று பெட்டி ஒளிக்க வெயிலில் அலைந்ததில் பாதருக்குக் காய்ச்சல் என்றும், அதனால் வேட்டை ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்றும் பூசை முடிவில் பெரிய சாமியார் அறிவித்ததை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மண்டபத்தின் தூணில் சாய்ந்துவிட்டார். எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தாகிவிட்டது. இனி போட்டியில் அவரை யார் சேர்ப்பார்கள்? இந்த வருஷமும் பரிசு கணக்கு வாத்தியாருக்குத்தான்.

"அடிப்பாவி, இதை பஸ் ஸ்டாண்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

இருதயமேரி அவர் இலையில் இன்னொரு முறுக்கை வைத்தாள்.

"சொல்லியிருந்தா, என்னை நேரா வீட்டுக்குல்ல கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"