அலைப்படத்தின் நடுவே ஒரு கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வறையில் இருந்தவர்கள் நான்கே பேர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற பாப்பாரப்பட்டி இன்னாசி, அவர் மகன் ஆரோக்கியராஜ், அங்கே முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யும் மருமகள் சோபனா, மகளுக்குச் சோறு கொண்டுவந்த சாக்கில் நுழைந்துவிட்ட சம்பந்தி, பென்னாகரம் தமிழ்மணி.

தானும் இருந்ததாகச் சொல்லித் திரியும் வேறு யாரையும் நம்ப வேண்டாம்.

சோபனாவின் கருவியில் ஓர் ஊசி உண்டு. அணு அளவுக்குக் கூரானது. ஆய்வுக்கு வைத்த படிகத்தைத் தொடாமல் அதன்மேல் ஊர்ந்து, வரிவரியாகப் படம் வரையும். களத்தில் காயும் ராகியைக் காலால் துழாவிவிட்டதுபோல, படிகத்தில் எலக்ட்ரான்கள் மேடும் பள்ளமுமாக ஒதுங்கி நிற்பதை அவள் முன்பே படம் எடுத்திருந்தாள்.

பேராசிரியர் ஒப்பவில்லை. அது எலக்ட்ரான் அலை இல்லை, கட்டடத்தின் ஆட்டம் என்றுவிட்டார்.

இன்னாசி வீட்டுப் பெண் காட்டியதை ஒருவர் இல்லை என்பதா? அதுவும் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும்படி?

படிகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். கட்டடத்தின் ஆட்டம் என்றால் வரிகள் பழையபடியே நிற்கும். படிகத்தின் அலை என்றால் படிகத்தோடு சேர்ந்து திரும்பும். மறுநாள் பேராசிரியரிடம் காட்டாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் போய்விடும்.

ஆகவே அறையில் எதுவும் அதிராதபடி காவலுக்கு இன்னாசியே வந்தார்.

தண்ணீர் மோட்டாரை நிறுத்த வைத்தார். மின்விசிறியை அணைத்தார். எல்லோர் செருப்பையும் வெளியே விடச் சொன்னார்.

சோபனா அவருடைய பூட்ஸைப் பார்த்தாள். மாமனாரிடம் எப்படிச் சொல்வாள்? பூட்ஸ் உள்ளே வந்தது.

சுவரோரம் நிமிர்ந்து நின்றார். ஓட்டுக் கேட்டு எவ்வளவு பெரிய மனிதர் வாசலுக்கு வந்தாலும் வளையாத முதுகு அது.

"சம்பந்தி, மூச்சாவது வுடலாமுங்களா?" என்றார் தமிழ்மணி.

"மெதுவா வுடுங்க," என்றார் இன்னாசி, திரும்பாமல்.

ஆரோக்கியராஜ் தும்மலை அடக்கி அடக்கிக் கண் கலங்கிப்போனான்.

திரையில் முதலில் வெறும் சாம்பல் நிறம். பிறகு ஒரு மேடு. ஒரு பள்ளம். மறுபடி மேடு.

சோபனா விரலைத் தூக்கி, காற்றில் ஒரு சாய்ந்த கோடு போட்டுக் காட்டினாள்.

அலை திரும்பிவிட்டது.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. ஊசி துள்ளியது. படத்தின் குறுக்கே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அதற்குக் கீழே அலைகள் அதே சாய்வில் தொடர்ந்தன.

மறுநாள் பேராசிரியரின் கண் முதலில் அந்தக் கோட்டில்தான் நின்றது. ஆட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும், மற்றதெல்லாம் அலைதான் என்று ஒப்புக்கொண்டார். கோடு எப்படி வந்தது என்று கேட்டதற்கு சோபனா சிரித்ததோடு சரி.

காவலுக்கு நின்ற சுபேதார் நின்றபடியே தூங்கி விழுந்துவிட்டார், அதனால் வந்த கோடு என்று பென்னாகரம் முழுக்கப் பேச்சு. கிளப்பியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அது பொய். இன்னாசி தூங்கவில்லை. விழவும் இல்லை. பூட்ஸ் காலைத் தூக்கி அடித்து, மருமகளுக்கு சல்யூட் வைத்தார்.