மாமாவா, சித்தப்பாவா?

“கையைக் கீழே போடு” என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மகள் போடவில்லை. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவள் வாலுதான். நூலக அரங்கின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னாலிருந்து, அந்தக் கை மட்டும் கொடிக்கம்பம் போல நீண்டிருந்தது.

“முன்னாடி எவ்வளவு நாற்காலி காலியா இருந்துச்சு! நீதான் இங்க இழுத்துட்டு வந்தே. தூணுக்குப் பின்னாடி இருந்தா என் கை யாருக்கும்மா தெரியும்?”

“தெரியவே வேண்டாம். எவ்வளவு பெரிய எழுத்தாளர்! கடல் தாண்டி வந்திருக்காங்க. இத்தனை பேர் முன்னாடி உன் கேள்வியைக் கேட்டா அவங்களுக்கு எவ்வளவு சங்கடம்?”

மேடையில், நரைத்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த எழுத்தாளர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேகக்கோட்டைக் கதைகள் ஐந்தையும் எழுதியவர். அவர் பேசுவதை அவ்வப்போது தமிழில் சொல்லப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக்காரர். அவருக்கும் அடுத்து ஒரு நாற்காலி, காலியாக.

“அது யாருக்கும்மா?”

“யாரோ வரலை போல. பேச்சைக் கவனி.”

வரவேற்புரை முடிந்த பிறகுதான் இருவரும் உள்ளே வந்திருந்தார்கள். செருப்பு வார் கழன்றுவிட்டது என்று அம்மா வாசலிலேயே நேரத்தை ஓட்டிவிட்டாள். வாலு அதையும் மறக்கவில்லை.

மேகக்கோட்டையின் கதவுக்குப் பூட்டு கிடையாது. ராஜ வம்சத்தில் பிறந்தவரின் உள்ளங்கை பட்டால்தான் திறக்கும். ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இளவரசனின் மாமா அந்தக் கதவில் கையை வைக்கிறார். கதவு திறந்துவிடுகிறது! அன்று தொடங்கியது வாலுவின் தூக்கமில்லாத வாழ்க்கை.

“மாமான்னா ராணியோட தம்பி. அவருக்கு எப்படிம்மா ராஜ வம்சத்துக் கை வரும்? எழுதினவங்களே மறந்துட்டாங்க. இதுக்கு ஒழுங்கா பதில் வரலேன்னா ஆறாவது புத்தகத்தை நான் தொடவே மாட்டேன்.”

“சின்ன விஷயம்டி, விடேன்.”

“சின்ன விஷயமா? கதவே திறந்துடுச்சும்மா! வீட்டுல கேட்டப்ப என்ன சொன்னே? ‘எனக்கென்ன தெரியும், எழுதினவங்களைத்தான் கேக்கணும்’னு சொன்னியா இல்லையா? இதோ, எழுதினவங்க.”

அம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அதற்குள் மைக்கோடு நடந்துவந்த நூலகர் அம்மாள் தூணுக்குப் பின்னாலிருந்த கையைப் பார்த்துவிட்டார்.

வாலு எழுந்து நின்று, ஒரு மூச்சில் கேட்டாள். “இளவரசனோட மாமா கை பட்டு எப்படிக் கதவு திறந்துச்சு? அவர் மாமாவா, இல்லை சித்தப்பாவா?”

கண்ணாடிக்காரர் அதை எழுத்தாளரிடம் சொன்னார். எழுத்தாளர் புருவத்தைச் சுருக்கினார். கண்ணாடிக்காரர் திரும்பச் சொன்னார். புருவம் இன்னும் சுருங்கியது.

“மன்னிக்கணும்” என்றார் கண்ணாடிக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “அவங்க மொழியில மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல்தான். நான் அந்த ஒரே சொல்லையே ‘இதுவா, இல்லை இதுவா’ன்னு கேட்டுட்டு நிக்கறேன்.”

அரங்கம் சிரிப்பில் ஆடியது. அவர் மறுபடி குனிந்து, அம்மாவின் தம்பியா, அப்பாவின் தம்பியா என்று விளக்கிக் கேட்டார். எழுத்தாளர் சட்டென்று பதில் சொன்னார்.

“அப்பாவோட தம்பியாம். ராஜாவோட சொந்தத் தம்பி. முதல் புத்தகத்துலேருந்தே அப்படித்தானாம்.”

“பொய்!” என்றது முன்வரிசையிலிருந்து ஒரு பொடிசு. “அஞ்சு புத்தகத்துலயும் மாமான்னுதான் போட்டிருக்கு!”

“மாமா! மாமா!” என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். “ஐயையோ, எங்க வீட்டு நாய்க்கு மாமான்னு பேர் வெச்சிருக்கோம். இனிமே சித்தப்பான்னு கூப்பிட்டா வருமா?” என்று ஒரு அப்பா எழுந்து நின்று கேட்டார். அவர் மனைவி அவரை இழுத்து உட்கார வைத்தார்.

வாலுவின் முகம் மலர்ந்துவிட்டது. எழுத்தாளர் எதையும் மறக்கவில்லை. கதவும் சரியாகத்தான் திறந்திருக்கிறது. ஆறாவது புத்தகத்தைப் படிக்கலாம்!

அம்மாவோ கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். விட்டால் தலையே உள்ளே போய்விடும் போலிருந்தது.

விஷயம் புரிந்ததும் எழுத்தாளர் தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடிக்காரரிடம் ஏதோ சொன்னார்.

“சித்தப்பாவை மாமாவா மாத்தினவங்களை உடனே பார்க்கணுமாம். தமிழ்ல மொழிபெயர்த்தவங்க இங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க.”

நூலகர் அம்மாள், வாலு மைக்கைத் திருப்பித் தராததால், குரலை உயர்த்திச் சொன்னார். “அழைச்சிருந்தோங்க. வர்றேன்னுதான் சொல்லியிருந்தாங்க. காலையில திடீர்னு ஃபோன் பண்ணி, காய்ச்சல் கொதிக்குது, படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியலைன்னுட்டாங்க, பாவம்.”

வாலு திடுக்கிட்டாள். ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடியே, மறு கையைக் கைப்பைக்குள் நீட்டி, அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சலா? எங்க அம்மாவுக்கா? ஜில்லுனுதானே இருக்கு!”