பச்சை வரும்வரை

நறுமுகையின் நெற்றிப்பட்டையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. மூளை அமைதியாக இருந்தால் பச்சை, அலைபாய்ந்தால் சிவப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தினமும் இருபது நிமிடம் பச்சையில் இருந்தால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்.

பயிற்சி நிலையத்தில் பச்சை வந்தால் திரையில் மீன் நீந்தும். வீட்டில் மீன் கிடையாது. சிவப்பு வந்தால் அப்பா கதிரேசன் பெல்ட்டை உருவுவான். "பச்சையாக்கு" என்பான். ஆகும்வரை அடிப்பான். இரண்டே மாதத்தில், கொக்கியின் சத்தம் கேட்டதுமே பச்சையாகிவிட அவள் கற்றுக்கொண்டாள்.

"நல்ல முன்னேற்றம். வீட்டுல என்ன பண்றீங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"பாசமாப் பேசுவோம் மேடம்" என்றான் கதிரேசன்.

இன்று காலை, பிள்ளையின் முதுகுத் தழும்புகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த மனைவி பிரமிளாவைப் பார்த்துவிட்டான். போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அடுத்து அவள் தலையைப் பிடித்து அதே சுவரில் மோதினான். பெல்ட் சுழன்றது. கொக்கி பட்டுப் புருவம் கிழிந்து பிரமிளா தரையில் சுருண்டாள். அப்போதும் அவன் நிறுத்தவில்லை.

மூலையில் நின்ற நறுமுகையின் நெற்றியில் விளக்கு பச்சையாகவே எரிந்தது. அவள் நடந்து வந்தாள். பட்டையைக் கழற்றி, ரத்தம் வழியும் அம்மாவின் நெற்றியில் மாட்டினாள். விளக்கு சிவந்தது.

ஒன்பது வயதுவரை ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசியறியாத பிள்ளை, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"பச்சையாக்கும்மா. அப்பா நிறுத்திருவாரு."