இடப்பக்கம்

லாரி மோதித் தலையில் அடிபட்ட பிறகு தணிகாசலத்துக்கு இடப்பக்கமே இல்லாமல் போனது. கண்ணிலோ காதிலோ கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கைவிட்டுவிட்டது என்றார் டாக்டர். தட்டில் வலப்பாதியைக் காலி செய்துவிட்டு, "என்ன வல்லி, அரை வயித்துக்குத்தான் போட்டிருக்கே" என்று மனைவி செண்பகவல்லியிடம் குறைப்படுவார். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். மீதியையும் சாப்பிடுவார். தனக்கு அழுகை வந்தால் அவள் அவருடைய இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆறு வருஷம். இன்று தட்டைத் திருப்ப அவளுக்குக் கை எழவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் விட்ட பாதிச் சோற்றை அள்ளித் தின்றாள். "வல்லி, நீ சாப்பிட்டியா?" என்று காலியான வலப்பக்கத்தைப் பார்த்துக் கேட்டார். வாய் நிறையச் சோற்றோடு, "ஆச்சுங்க" என்றாள். அவர் வலப்பக்கமே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.