பின்னால் வந்தவன்

அந்தக் கறுப்பு பைக் இன்னும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. மாரிசெல்வம் சைக்கிளின் கைப்பிடிக் கண்ணாடியில் நம்பரைப் பார்த்தான். டிஎன் 72. திருநெல்வேலி வண்டி.

சட்டைப்பையில் போன் மறுபடி அதிர்ந்தது. காலையிலிருந்து விடாமல் அடிக்கும் அதே புது நம்பர். ஊர்ப்பக்கமிருந்து புது நம்பரில் வரும் குரல்கள் என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். எடுக்காமல் கட் செய்தான்.

அவனோடு மூன்று பேட்டரி சைக்கிள்கள் வந்தன. சென்னையிலிருந்து வந்த ஜோ, அவன் மனைவி லிடியா, பறவைகளைப் படம் எடுக்க என்று தனியாக வந்திருந்த எழிலரசன். எழிலரசன் முதுகில் கேமரா ஸ்டாண்டு வைத்த நீளப் பை.

ஒரகடம் கம்பெனியில் லைன் வேலையை விட்டுவிட்டு மாரி தொடங்கிய தொழில் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஏரிகளையும் ஊர்களையும் சுற்றிக் காட்டுவான். புகை கிடையாது, இரைச்சல் கிடையாது, பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது. மதியச் சாப்பாடு ஊருக்குள்ளேயே செல்வமேரி அக்கா வீட்டில்.

"இத்தாலியில நாங்க இப்படித்தான் ஊர் ஊரா போனோம்" என்றாள் லிடியா. "அங்க வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். இங்க ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் கம்பெனி பஸ்ஸு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

வயலிலிருந்து நாரைக் கூட்டம் ஒன்று எழுந்து பறந்தது. ஜோவும் லிடியாவும் அவசரமாகப் போனை எடுத்தார்கள். எழிலரசன் மட்டும் பின்னால் வரும் பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ப்ரோ, அவன் உன்னியதான் தொரத்தினு வர்றான் போல?"

மாரி திரும்பினான். பைக்கில் வந்தவன் ஹெல்மெட் போடவில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தது. வனமாமலை. அவன் மனைவி கனிஷ்காவின் அண்ணன்.

போன தை மாதம் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு மாரியும் கனிஷ்காவும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிய அன்று, அவளுடைய அப்பா வாசலில் நின்று கத்தினார். "ஒந்தலைய எடுக்காம நான் ஓயமாட்டம்லே!" வனமாமலை அவர் பக்கத்தில் கைகட்டி நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு மாரியின் கனவில் வந்ததெல்லாம் கத்திய கிழவர் அல்ல, அந்தப் பேசாத முகம்தான்.

"ரோட்ல வோணாம் ப்ரோ, ஏரிக்கரைல வுடு" என்றான் எழிலரசன். "அங்கன பைக்கு ஏறாது."

மாரி சைக்கிளை ஒடித்துக் கரைமேல் ஏற்றினான். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பனைமரங்கள் வரை போயிருப்பார்கள், மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பைக்கும் ஏறிவிட்டது.

"ஏ மாரி! நில்லு!"

வனமாமலை பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து மாரியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். சைக்கிள் சரிந்தது. இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

சைக்கிளைப் பூட்டும் இரும்புச் சங்கிலி மாரியின் கைக்குச் சிக்கியது. யோசிக்கவில்லை, வீசினான். முதல் அடி வனமாமலையின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து பல் தெறித்தது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது.

"வெட்டுலே! வெட்டத்தான வந்தே? வெட்டு!" மாரி அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். கதவை யாராவது தட்டினாலே கனிஷ்காவைச் சமையலறைக்குள் தள்ளி மூடிய பயமெல்லாம் இப்போது அவன் கைக்கு வந்திருந்தது. இரண்டாவது அடியில் காது பிய்ந்து தொங்கியது.

"ஐயோ விடுங்க, செத்துருவாரு!" ஜோ ஓடிவந்தான்.

"வுடாத ப்ரோ! அடி!" முதுகுக்குப் பின்னாலிருந்து எழிலரசன் கத்தினான்.

மாரி வனமாமலையின் இடுப்பைத் தடவினான். அரிவாள் இல்லை. ஓடிவந்ததில் விழுந்திருக்கும். வனமாமலை ஒரு அடியைக்கூடத் திருப்பி அடிக்கவில்லை. அவன் கண்கள் மாரியின் முகத்தில் இல்லை. தோளைத் தாண்டி எங்கோ பார்த்தன. சாகப்போகிறவன் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று மாரி நினைத்தான். சங்கிலியை மறுபடி ஓங்கினான்.

லிடியா வீறிட்டாள்.

ரத்தத்தைப் பார்த்துத்தான் அலறுகிறாள் என்று அவன் நினைத்த அதே நொடியில், வனமாமலை இரண்டு கைகளாலும் அவன் சட்டையைப் பற்றித் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான். மாரியின் உச்சந்தலையை உரசிக்கொண்டு விர்ரென்று காற்று போனது. பக்கத்துப் பனையில் நச்சென்று ஏதோ இறங்கி மாட்டிக்கொண்டது. ஜோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு கரைச்சரிவில் உருளும் சத்தம் கேட்டது.

மாரி அசையவில்லை. காதோரம் வனமாமலையின் மூச்சு ரத்தக் குமிழியோடு வந்தது. உடைந்த வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"எங்கப்பா அனுப்புனது என்னைய இல்ல மாப்ள, ஒங்ககூட சைக்கிள்ல வந்தவனை."