வீசாத துண்டு

நேற்றிரவுக் குத்துச்சண்டையின் பதிவு, பயிற்சிக்கூடத்துச் சுவரில் காலை வெயில் பட்டு வெளிறி ஓடுகிறது. "அடிச்ச இடது கை தாடைக்குத் திரும்பல பாரு. கதவத் தொறந்து போட்டுட்டு, திருடன் வந்துட்டான்னு அழுதா எப்படி?" என்று பயிற்சியாளர் படத்தை நிறுத்துகிறார். தோற்றவனுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. மனைவி அதில் பனிக்கட்டிப் பையை ஒற்றுகிறாள். நின்ற படத்தில் அவன் கயிற்றில் சாய்ந்து தன் மூலையைப் பார்க்கிறான். அங்கே முக்காலியில் உட்கார்ந்தபடி பயிற்சியாளர் 'விடாதே, அடி' என்று கையை ஓங்கியிருக்கிறார். சண்டையை நிறுத்த வீச வேண்டிய வெள்ளைத் துண்டு அவருக்கு அடியில் கிடக்கிறது. "அண்ணே, துண்டு மேலயா உக்காந்திருக்கீங்க?" என்கிறாள் அவள். அவருக்குக் காது சுடுகிறது. பையிலிருந்து நீர் சொட்டுகிறது. "கை எறங்குனது என் தப்புதாண்ணே, மேல ஓட்டுங்க," என்கிறான் அவன். அவர் விரலுக்குப் படத்தை ஓட்டும் பொத்தான் அகப்படவில்லை.